பாரியோ – பாகெலாலான்: 31 கிலோமீட்டர், 32 நிமிடம் என்று போட்டிருக்கிறதே?

சரசு_சுங்கைசிப்புட்

எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கும் மருமகனுக்கும் சரவாக்கில் ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. மகளுக்குப் பாரியோவில் இடைநிலைப்பள்ளி, மருமகனுக்குப் பாகெலாலானில் தொடக்கப்பள்ளி. கல்யாணம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இரண்டு ஊரும் மலைமேல் இருக்கிறதாம், இரண்டிலும் சின்ன விமான நிலையம் இருக்கிறதாம்.

என் சின்ன மகன் இணையத்தில் தேடினான். விமான தூரம் கணக்குப் போடும் ஒரு தளத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே 31 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 32 நிமிடம் என்று வருகிறது. இங்கே தோட்டத்திலிருந்து ஈப்போவுக்குப் போகிற தூரம்தான். சம்பந்தி அம்மாவும் அதைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ஏறினால் சாயங்கால டீக்குப் போய்ச் சேர்ந்துவிடலாமே" என்கிறார். ஆனால் டிக்கெட் தேடினால் அந்த வழியே வரமாட்டேன் என்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிராணி மகன்

31 கிலோமீட்டருக்கு 32 நிமிடமா? அக்கா, என் பழைய மோட்டார் அதைவிட வேகமாகப் போகும். அந்தத் தளத்து விமானத்துக்கு யாராவது பெட்ரோல் ஊற்றுங்கள்.

நீலவான்

சிரிக்காதீர்கள் கிராணி, அந்த 32-க்கு ஒரு காரணம் இருக்கிறது.

அக்கா, இந்த மாதிரித் தளங்கள் இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எடுத்து, பூமி உருண்டையின் மேல் மிகக் குறுகிய கோட்டின் நீளத்தைக் கணக்கிடுகின்றன. அதை மணிக்கு 800 கி.மீ. போல ஒரே வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் 30 நிமிடம் கூட்டிவிடுகின்றன. 31-ஐ 800-ஆல் வகுத்தால் இரண்டு நிமிடச் சொச்சம். அதோடு முப்பது, ஆக 32. அந்த வழியில் விமானம் ஓடுகிறதா, ஓடினால் என்ன விமானம் என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை.

பெரிய விமானம் ஓடும் வழிக்கு இது மோசமில்லை. கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவிலிருந்து சரவாக்கின் மிரி நகரம் நேர்கோட்டில் ஏறக்குறைய 1,375 கி.மீ. இந்தக் கணக்குப்படி 2 மணி 13 நிமிடம். டிக்கெட்டிலும் 2 மணி 20 நிமிடத்தை ஒட்டித்தான் போட்டிருப்பார்கள். இப்படிச் சரியாக வருவதால் மற்ற ஊர்களுக்கும் அப்படியே நம்பிவிடுகிறோம்.

வேடிக்கை என்னவென்றால் மிரி – பாரியோவுக்கும் இது ஓரளவு பக்கத்தில் வரும். 178 கி.மீ., கணக்குப்படி 43 நிமிடம். நிஜத்தில் 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் அது தற்செயல். அங்கே ஓடுவது 19 இருக்கை கொண்ட ட்வின் ஆட்டர். மணிக்கு 280, 300 கி.மீ. வேகத்தில் போகும். தளம் வேகத்தை மூன்று மடங்கு கூட்டிவிட்டது, அந்த 30 நிமிடத்தையும் தாராளமாகப் போட்டுவிட்டது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன.

பழைய சர்வேயர்

தூரத்தை நான் சரிபார்த்துவிட்டேன். தோட்டத்தில் சங்கிலி பிடித்து அளந்தவனுக்கு இது பழகின வேலை. ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு கலை. பாரியோ ஓடுபாதை வடக்கு 3 டிகிரி 44 கலை, கிழக்கு 115 டிகிரி 29 கலை. பாகெலாலான் வடக்கு 3 டிகிரி 58 கலை, கிழக்கு 115 டிகிரி 37 கலை. வடக்கே 14 கலைக்குச் சற்று மேல், கிழக்கே 8 கலைக்குச் சற்று மேல். வடக்கு தெற்கில் ஒரு கலை ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் கிழக்கு மேற்கிலும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆக 26.7 கி.மீ. வடக்கே, 15.4 கி.மீ. கிழக்கே. பைத்தகோரஸ் போட்டால் 31 கி.மீ. வந்துவிடும்.

தூரம் சரி. நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. படத்தைத் திறந்து பாருங்கள், அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே முருட் மலை நிற்கிறது. 2,424 மீட்டர், சரவாக்கிலேயே உயரமான மலை.

நம் பக்கத்துக் கதையும் இதுதானே. சுங்கை சிப்புட்டிலிருந்து கேமரன் மலை பிரின்சாங் நேர்கோட்டில் 50 கி.மீ. சொச்சம்தான். காரில் போனால் ஈப்போ இறங்கி, சிம்பாங் பூலாய் சுற்றி, 110 கி.மீ.க்கு மேல் ஓட்ட வேண்டும்.

சரசு_சுங்கைசிப்புட்

தூரம் சரிதான் என்கிறீர்கள். அப்படியானால் விமானம் ஏன் காட்டவில்லை?

மிரி வாத்தியார்

சரசு அக்கா, வணக்கம். நான் பீடோர்க்காரன். சரவாக்கின் பாராம் உட்பகுதியில் பல வருஷம் பாடம் நடத்திவிட்டு மாற்றலாகி வந்தவன். உங்கள் மகள் போகும் ஊருக்கும் போயிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், பாரியோவுக்கும் பாகெலாலானுக்கும் நடுவே நேர் விமானம் கிடையாது. பாரியோவுக்கு மிரியிலிருந்தும் மருடியிலிருந்தும் ஏறலாம். பாகெலாலானுக்கு லாவாஸ் வழியாகப் போக வேண்டும். சக்கரத்தின் ஆரக்கால்கள் போல எல்லாம் கீழே உள்ள ஊரிலிருந்து மேலே போகின்றன, மேலே ஒன்றோடொன்று சேர்வதில்லை. ஆகவே உங்கள் மகள் புருஷனைப் பார்க்க விமானத்தில் போவதென்றால் பாரியோ – மிரி 178 கி.மீ., மிரி – லாவாஸ் 168, லாவாஸ் – பாகெலாலான் 100. கூட்டினால் 446 கி.மீ. பக்கத்து ஊருக்குப் போக அதைப்போல் பதினான்கு மடங்கு தூரம்.

வானில் இருக்கும் நேரம் மட்டும் இரண்டு இரண்டரை மணி. ஆனால் பாகெலாலானுக்கு வாரத்தில் சில நாள்தான் விமானம். இறங்கும் விமானமும் ஏறும் விமானமும் ஒன்றுக்கொன்று காத்திருக்காது. மிரியில் ஒரு ராத்திரி, லாவாஸில் ஒரு ராத்திரி என்று ஆகலாம். வெள்ளி கிளம்பி ஞாயிறு திரும்புவது நடக்கிற காரியமில்லை. சம்பந்தி அம்மாவிடம் இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது, மிரி – பாரியோ ஒரு மணி நேரம் என்று நீலவான் சொன்னாரே, அது விமானம் கிளம்பினால். இந்தச் சின்ன ஊர்களில் விமானி ஓடுபாதையைக் கண்ணால் பார்த்துத்தான் இறங்குவார். விடியலில் பள்ளத்தாக்கில் பனி மூடிக் கிடக்கும். அது விலகி, மத்தியான மேகம் திரள்வதற்குள் போய் வந்துவிட வேண்டும். ஒரு முறை நாங்கள் பாரியோவுக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். கீழே வெள்ளையாக மூடிக்கொண்டு வழியே இல்லை. திரும்பி மிரிக்கே வந்து இறங்கினோம். அன்றைக்கு நான் பறந்தது 350 கி.மீ.க்கு மேல், போய்ச் சேர்ந்தது கிளம்பின இடம்.

மூன்றாவது, எடை. மிரியில் பெட்டியை மட்டும் நிறுக்கமாட்டார்கள், ஆளையும் நிறுப்பார்கள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தராசில் ஏறச் சொல்வார்கள், எண் எல்லாருக்கும் தெரியும்படி எரியும். பின்னால் நிற்பவர்களும் பார்ப்பார்கள், வெட்கப்பட நேரமில்லை. நான் போன காலத்தில் பெட்டிக்கு 10 கிலோதான். மகளுக்கு மூட்டை கட்டும்போது இதை நினைவில் வையுங்கள்.

கிராணி மகன்

ஆளை நிறுக்கிறார்களா! தோட்டத்துப் பால் கொட்டகையில் ரப்பர் பால் நிறுத்த மாதிரி இருக்கும் போல. தண்ணீர் கலந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்களோ?

வாத்தியாரே, அந்த விமானத்தில் பயமாக இருக்காதா?

மிரி வாத்தியார்

முதல் தடவை இருக்கும். விமானிகளுக்கும் உங்களுக்கும் நடுவே பெரிய மறைப்பு ஒன்றும் இல்லை, முன் கண்ணாடி வழியாக அவர்கள் பார்ப்பதை நீங்களும் பார்க்கலாம். ட்வின் ஆட்டரில் எஞ்சின் விசைப்பிடி மேலே கூரையில் இருக்கும். ஓடுபாதையில் கிளம்பும்போது இரண்டு விமானிகளும் கையைத் தூக்கி அதைப் பிடித்துத் தள்ளுவார்கள். பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கிற மாதிரி இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குள் விமானம் தரையை விட்டிருக்கும். சத்தம் அதிகம், பேச முடியாது. உயரமாகவும் போகாது. அதனால் கீழே ஆறும் செம்பனையும் அப்புறம் வெறும் காடுமாக எல்லாம் தெளிவாகத் தெரியும்.

பாரியோ நெருங்கும்போது மேகம் இல்லாவிட்டால் பத்து லாவி மலை தெரியும். இரண்டு பாறைகள் ஒட்டி நிற்கும், உயரமானது 2,046 மீட்டர். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டு விமானிகள் அதைத்தான் அடையாளமாக வைத்துப் பறந்தார்கள். 1945 மார்ச்சில் பிரிட்டிஷ் அதிகாரி டாம் ஹாரிசனின் குழு பாரியோ சமவெளியில் பாராசூட்டில் குதித்ததும் அந்த வழியில்தான். அக்காவுக்கு ஜன்னல் இருக்கை கிடைத்தால் பாருங்கள்.

நீலவான்

எடை விஷயத்துக்கு ஒரு விளக்கம். பாரியோ விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,350 அடி. பாகெலாலான் 2,900 அடி அளவு. உயரத்தில் காற்று மெலிவு. வெயில் ஏறினால் இன்னும் மெலியும். சாதாரணக் கணக்கில் 3,350 அடியில் 8 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பாரியோவில் பகலில் 24 டிகிரி என்று வையுங்கள், அந்த 16 டிகிரி வித்தியாசத்தால் விமானத்துக்கு அது 5,000 அடிக்கு மேலே உள்ள இடம் போலத் தோன்றும். இறக்கைக்குத் தூக்குசக்தி குறையும், எஞ்சினின் சக்தி குறையும், சின்ன ஓடுபாதை சீக்கிரம் முடிந்துவிடும். அதனால்தான் 19 இருக்கை இருந்தும் மேலிருந்து கிளம்பும்போது 19 பேரை ஏற்றாத நாள் உண்டு. போகும்போது இடம் கிடைத்ததே, வரும்போதும் கிடைக்கும் என்று நினைக்கக்கூடாது.

காலை விமானத்துக்கு இன்னொரு லாபமும் இதுதான். குளிர்ந்த காற்று கனமான காற்று.

தாமரை_தைப்பிங்

எனக்கு ஒன்று புரியவில்லை. 31 கிலோமீட்டர்தானே. ட்வின் ஆட்டர் கால் மணியில் போய்விடாதா? வாரம் ஒரு தடவை விட்டால் என்ன? நோயாளி, ஆசிரியர், வியாபாரி என்று ஆள் இருக்கத்தானே செய்யும்?

நீலவான்

பறக்கும் நேரம் கால் மணிதான் ஆகும், அதில் தகராறு இல்லை. ஆள் எங்கே போக வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். பாரியோவில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் பெரிய மருத்துவமனை மிரியில். வங்கி, அரசாங்க வேலை, பெரிய கடை எல்லாம் மிரியில். பாகெலாலான்காரருக்கு லாவாஸ். மலைமேல் உள்ள இரண்டு ஊருக்கும் நடுவே தினசரி வேலை என்று அதிகம் இல்லை. இந்த உட்பகுதிச் சேவை லாபத்துக்கு ஓடுவதில்லை, அரசாங்க மானியத்தில் ஓடுகிறது. 2007-லிருந்து மாஸ்விங்ஸ் நடத்தியது, இப்போது சரவாக் மாநில அரசு அதை வாங்கி ஏர்போர்னியோ ஆக்கியிருக்கிறது. விமானம் சில, விமானி சிலர், நல்ல வானிலை நேரம் காலையில் கொஞ்சம். அந்த நேரத்தை எந்த ஊருக்குக் கொடுப்பது என்று வந்தால் மிரி – பாரியோதான் ஜெயிக்கும்.

தாமரை_தைப்பிங்

கணக்குக்குச் சரி. இருந்தாலும் இது கீழே உட்கார்ந்து போட்ட கணக்கு. பாரியோவின் கெலாபிட் மக்களும் பாகெலாலானின் லுன் பாவாங் மக்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறவர்கள், கொண்டான் கொடுத்தான் இல்லாமலா இருக்கும்? அவர்கள் எப்படிப் போய்வருகிறார்கள்?

லஹாட் டத்து செம்பனை

காலால்தான், ரொம்ப காலமாக. நான் சுங்கை சிப்புட் பையன், இப்போது சபாவில் தோட்ட வேலை. லாவாஸ் எனக்குப் பக்கத்து மாநிலம் என்பதால் நண்பர்களோடு ஃபோர்வீலில் பாகெலாலான் போனேன், ஆப்பிள் விளையும் ஊர் என்று கேள்விப்பட்டுத்தான். காலையில் லாவாஸில் கிளம்பினால் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிடும். விமானத்தில் அரை மணிச் சொச்சம். நேர்கோட்டில் 100 கி.மீ.தான், ஆனால் மண் பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மேடு, ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு லோரி எதிரே.

பாரியோவுக்கு அங்கிருந்து நடைபாதை உண்டு. பா லுங்கான் வழியாக, எல்லையைத் தாண்டி இந்தோனேசியக் கலிமந்தான் பக்கம் இறங்கி ஏறும் பாதை. மூன்று நாள் நடை, வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது. எல்லை தாண்டுவதால் கடப்பிதழ் விஷயமும் இருக்கிறது. ராணுவம் ஜீவா முர்னி திட்டத்தில் வெட்டிய மண் சாலையும் அந்தப் பக்கம் இருக்கிறது. வெயில் காலத்தில் உள்ளூர்க்காரர் மோட்டாரிலும் ஃபோர்வீலிலும் போவார்கள். ஒரு நல்ல மழை பெய்தால் சேறுதான். மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள், முதல் மாதமே வீரம் காட்ட வேண்டாம்.

பழைய சர்வேயர்

ஆக 31 கி.மீ.க்கு நான்கு விடை வந்துவிட்டது. கோட்டில் 31, விமானத்தில் 446, காலில் மூன்று நாள், சாலையில் மழையைக் கேட்க வேண்டும். அந்தத் தளத்தில் முதல் விடையை மட்டும் போட்டுவிட்டு 32 நிமிடம் என்று ஒரு வாலையும் ஒட்டிவிட்டார்கள். தூரத்தோடு நிறுத்தியிருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வால்தான் ஆளை ஏமாற்றுகிறது.

கிராணி மகன்

தளத்தை ஏன் திட்டுகிறீர்கள்? அது கேட்டதைச் சொன்னது. அடியில் சின்ன எழுத்தில் "நேர்கோட்டுத் தூரம்" என்று போட்டிருக்குமே.

பழைய சர்வேயர்

சின்ன எழுத்தில் உண்மையும் பெரிய எழுத்தில் 32 நிமிடமும் இருந்தால், சம்பந்தி அம்மா எதைப் படிப்பார்?

சரசு_சுங்கைசிப்புட்

எல்லாவற்றையும் மகளுக்குப் புலனத்தில் அனுப்பிவிட்டேன். அவள் அழவில்லை, நான்தான் கொஞ்சம் அழுதேன். மருமகன் ஒரே வார்த்தையில் "பரவாயில்லை அத்தை, பள்ளி விடுமுறைக்கு இரண்டு பேரும் மிரிக்கு இறங்கிவிடுகிறோம்" என்று சொல்லிவிட்டார். சம்பந்தி அம்மாவிடம் நாளை நேரில் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. ஒரே ஊருக்கு மாற்றல் கேட்க முடியுமா? நானும் ஒரு தடவை போய்ப் பார்க்க ஆசை, சுங்கை சிப்புட்டிலிருந்து எப்படிப் போவது?

மிரி வாத்தியார்

விடுமுறைக்கு மிரியில் சந்திப்பதுதான் புத்திசாலித்தனம். மாப்பிள்ளை நல்ல பிள்ளை.

மாற்றல் கேட்கலாம். கல்வி அமைச்சின் இ-ஜிதுக்கார் இணையத்தளத்தில் விண்ணப்பம் போட வேண்டும், துணையோடு சேர்ந்திருக்க என்ற காரணம் ஏற்கப்படும் காரணம்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் உடனே கேட்க முடியாது, நிபந்தனைகளைப் படித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். மலைமேல் இரண்டு பேருக்கும் ஒரே பள்ளி கேட்பதைவிட மிரி அல்லது லாவாஸ் பக்கம் கேட்டால் வாய்ப்பு அதிகம் என்பது என் அனுபவம். அதுவரை பேசிக்கொள்ள வழி இருக்கிறது. பாரியோவில் யூனிமாஸ் பல்கலைக்கழகம் இருபது வருஷத்துக்கு முன்பே இ-பாரியோ என்று இணைய மையம் வைத்துக் கொடுத்தது. நம் தோட்டத்து லயங்களுக்கு இணையம் வருவதற்கு முன்னாலேயே அங்கே வந்துவிட்டது.

நீங்கள் போவதற்கு: சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து கேஎல்ஐஏ. மிரிக்கு மத்தியானம் அல்லது சாயங்கால விமானம் போதும். ஐசி, அதாவது அடையாள அட்டை, கையில் இருக்கட்டும். தீபகற்பத்திலிருந்து போனால் சரவாக் குடிநுழைவுத் துறை மிரியில் பார்ப்பார்கள், சும்மா பார்க்கப் போகிறவர்களுக்கு 90 நாள் கொடுப்பார்கள். கொடுக்கும் துண்டுச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். அன்று ராத்திரி மிரியில் தங்குங்கள், மறுநாள் காலை பாரியோ. அதே நாளில் இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. திரும்பும்போதும் பாரியோ – மிரிக்கும் மிரி – கேஎல்லுக்கும் நடுவே ஒரு முழு நாள் விடுங்கள். மேகம் உங்கள் டிக்கெட்டைப் படிக்காது.

சரசு_சுங்கைசிப்புட்

ரொம்ப நன்றி தம்பி. அரிசி கொஞ்சம், மிளகாய்த்தூள், ஊறுகாய், ஒரு சின்ன அம்மி எடுத்துப் போகலாமா?

மிரி வாத்தியார்

அக்கா, 10 கிலோவில் அம்மியா!

அரிசி வேண்டாம். பாரியோ அரிசிக்குப் பெயர்போன ஊர், நாடு முழுக்க விலை கொடுத்து வாங்குகிறார்கள். உப்பும் வேண்டாம், அங்கே மலை ஊற்று நீரைக் காய்ச்சி எடுக்கும் உப்பு கிடைக்கும். மிளகாய்த்தூள், சீரகம், சோம்பு, பருப்பு, புளி, ஊறுகாய் எடுத்துப் போங்கள். ஊறுகாயைக் கண்ணாடிப் போத்தலில் வைக்காமல் பிளாஸ்டிக்கில் போட்டு இரண்டு பையில் கட்டுங்கள். போத்தல் எடையையும் சேர்த்துத்தான் நிறுப்பார்கள்.

கிராணி மகன்

அம்மியை மாப்பிள்ளை ஊருக்கு லாவாஸ் வழியாக ஃபோர்வீலில் அனுப்புங்கள் அக்கா. செம்பனைத் தம்பி எப்படியும் ஆப்பிள் வாங்கப் போவார்.

லஹாட் டத்து செம்பனை

நான் தயார். வெயில் காலத்தில் மட்டும்.